இராமன் நிறமாலையும் பாக்டீரியா இனங்காணலும்

ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பாக்டீரியா எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை ஒளியைக் கொண்டு கண்டறியும் முறைகளுள் ஒன்று இராமன் நிறமாலையியல் ஆகும். இதன் வரலாற்றில் தென்காசியும் குற்றாலமும் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கும் பங்குண்டு. இதற்கு அடிப்படையான ஆய்வில் சி. வி. இராமனுடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன், 1898இல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் பிறந்தார். இன்று விருதுநகர் மாவட்டத்திலுள்ள அவ்வூர், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.

1928இல் கொல்கத்தாவில் இருவரும் தூய திரவங்களின் வழியே ஒளியைச் செலுத்தினர். சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறி வருவதைக் கண்டனர். இம்மாற்றம் மூலக்கூறுகளின் அதிர்வைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அது கைரேகை போன்றது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

இவ்வாறு மாறி வரும் ஒளி மிக மங்கலானது. 1960இல் லேசரும், பின்னர் நுட்பமான ஒளியுணரிகளும் வந்த பிறகே இம்முறை நுண்ணுயிரியலில் பயன்பட்டது. பாக்டீரியாவின் புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகியவை சேர்ந்து தரும் நிறமாலையை, முன்பே பதிவுசெய்தவற்றுடன் கணினி ஒப்பிடுகிறது, சாயமேற்றத் தேவையில்லை. 2019இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 30 வகை நுண்ணுயிர்களை 82 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இனங்கண்டனர்.

குருதித் தொற்றில் இனமறியத் தாமதமானால், நோயாளிக்குப் பொருந்தாத மருந்து தரப்படலாம். அத்தாமதத்தைக் குறைப்பதே இம்முறையின் பயன். எனினும் பதிவில் இல்லாத இனத்தை அது பெயரிட்டுச் சொல்ல இயலாது.