செவிலியும் நோய்முதலும்

தமிழ் அகமரபில் செவிலி என்பவள் யார்? தலைவியை வளர்த்தவள்; இரவும் பகலும் உடன் இருப்பவள். மகளின் உடம்பில் நிகழும் மாற்றம் முதலில் இவள் கண்ணில்தான் படுகிறது. நெற்றியின் ஒளி மங்குகிறது, கையில் வளை நிற்கவில்லை, மேனியில் பசலை படர்கிறது. அறிகுறி எதுவும் தப்பவில்லை. காரணம் மட்டும் தெரியவில்லை. முருகு அணங்கிற்று என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். காரணம் அறிந்தவள் தோழி. குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே அந்தக் காரணத்தைத் தோழி செவிலிக்கு எடுத்துச் சொல்லும் பேச்சுதான்.

'நர்ஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடியவர்கள் செவிலியைப் பிடித்தபோது இதை நினைத்திருக்கமாட்டார்கள். வளர்ப்பு, அரவணைப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் சொல் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பார்க்கலாம், குறிக்கலாம், சொன்னதைச் செய்யலாம். ஏன் என்பது உன் வேலை இல்லை. நவீன மருத்துவமனை நர்ஸுக்கு ஒதுக்கிய இடம் இதுதானே? குறளின் 'மருந்து' அதிகாரத்திலும் இந்தப் பிரிவினையின் சாயல் உண்டு. நோயின் முதலைத் தேடச் சொல்வது மருத்துவனுக்கு. பக்கத்தில் நின்று பணி செய்பவர் அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறார். அவரை விட்டுவிடவில்லை என்பதே பெரிய விஷயம் என்பார்கள் புலவர்கள். இருக்கட்டும்.

மருத்துவமனையின் 'பார்வை' அறிவாகவும் அதிகாரமாகவும் ஆன கதையை ஃபூக்கோ 1963இல் எழுதினார். அது மருத்துவரின் பார்வை. படுக்கையருகில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் இன்னொரு ஜோடிக் கண்களின் வரலாற்றை நாம் தனியாகத்தான் எழுதவேண்டும்.

அந்த வரலாறு ஒரு பரீட்சையைப் பற்றிய சண்டையாக இருப்பது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வீர்ஹோவ் நோயை உயிரணுவுக்குள் கொண்டுபோய் வைத்த சொற்பொழிவுகள் நூலானது அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1858இல். இரண்டும் ஒரே காலம், ஆனால் வேறுவேறு உலகம். நைட்டிங்கேலுக்கு நோய் என்பது கெட்ட காற்றும் அழுக்கும் சார்ந்தது. தொற்றுக் கொள்கையை அவர் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. ஆனால் கூர்ந்து பார்ப்பதை அவரைப்போல் வலியுறுத்தியவர் குறைவு. 1887இல் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கம் அமைத்தவர்கள் பரீட்சை, பதிவேடு என்று கேட்டபோது எதிர்த்து நின்றவரும் அவரே. நல்ல தாதியின் குணத்தைத் தேர்வுத்தாளில் அளக்க முடியாது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 'குணம்' என்ற அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார்? மேட்ரன். பரீட்சை குரூரமானதுதான், இருந்தாலும் அதில் தேறியவள் கையில் ஒரு தாள் இருக்கிறது, அதைக் காட்டிப் பேசலாம். அங்கே பதிவுச் சட்டம் 1919இல் வந்தது. நம் மாகாணத்தில் சென்னை நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல். இதற்கிடையில் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்த அம்பட்டர் சாதி மருத்துவச்சி, அதே சொல்லை இழந்து 'பயிற்சி பெறாதவள்' ஆனாள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சித்தி மகள் நர்ஸிங் டிப்ளமோ படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. பரீட்சைக்கு முன்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள், இங்கிலீஷ் புரிய. வார்டில் ஒருமுறை ஏனென்று கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் சொன்னாள்: "நீ டாக்டரான்னு கேட்டாங்கண்ணே." நோட்டில் இருந்த பாடம் 'ஷாக்'. நாங்கள் இருவரும் ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தோம்.

விஷயம் இதுதான். பிரசவத்திற்குப் பிறகு ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ரத்த அழுத்தத்தைப் பார்த்தால் சரியாக இருக்கும். ஏனென்றால் உடம்பு விட்டுக்கொடுப்பதில்லை. அழுத்தம் இறங்கப்போவதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் கண்டுகொள்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்திற்கும் திருப்பிவிடுகின்றன. அதனால்தான் கை சில்லிடுகிறது, முகம் வெளுக்கிறது. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் மூத்திரம் குறைகிறது. மொத்த ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் அழுத்தம் தாக்குப்பிடிக்கலாம். பிறகு சட்டென்று சரியும். 'நாடி 120, பிரஷர் நார்மல்' என்று அட்டையில் எழுதிவிட்டு நகர்ந்துபோகிறவளுக்கும், அந்த 'நார்மல்' எந்த விலையில் வாங்கப்பட்டது என்று தெரிந்து டாக்டரை எழுப்புகிறவளுக்கும் இடையில் ஒரு தாயின் உயிர் இருக்கிறது. காரண அறிவை ஒருத்திக்கு மறுப்பது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை.

இதைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுவதுதான் வேடிக்கை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தவன் சம்பளம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் இருப்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்களோடு சேர்ந்து புத்தகங்களையும் கொண்டுவந்தார்: 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்'. 1873இல் ஊர் திரும்பிய பிறகும் வேலையை விடவில்லை. உடலியக்க நூலான 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு இறந்துபோனார். கோக் காலராக் கிருமியைப் பிரித்தறிந்ததும் அதே 1884இல்தான். ஆக நோய்க்காரணம் பற்றிய அறிவே தலைகீழாகப் புரளும் வேளையில் தமிழ்ப் பாடநூல் மரபு அறுந்துவிட்டது. கிருமிகளும் ஹார்மோன்களும் வந்தபோது அவற்றுக்கு ஒரு மருத்துவ வகுப்பறைத் தமிழ் காத்திருக்கவில்லை.

கிரீனைக் கொண்டாடும் நம் அறிவியல் தமிழ் அறிஞர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையின் நர்ஸ் பயிற்சிப் பள்ளி 1909இல் வந்தது, பட்டப்படிப்பு 1946இல். அதற்குள் காரணத்தின் மொழி ஆங்கிலம் என்று ஆகியிருந்தது. தமிழ் சுகரணம் இருந்த காலத்தில் அதைப் படிக்கப் பெண்ணில்லை. பெண்கள் வந்தபோது புத்தகம் இல்லை.

நோட்டுக்குத் திரும்பினால், உடம்பு இப்படி இழப்பை ஈடுசெய்யும் கட்டத்தை 'காம்பென்சேஷன்' என்கிறது பாடம். கலைச்சொல் அகராதிக்காரர் 'ஈடுசெய்தல்' என்பார். ஆனால் வங்கிக் கணக்கு மாதிரி இருக்கிறது அது. தங்கச்சி ஓரத்தில் பென்சிலால் தன் பாட்டுக்கு ஒன்று எழுதி வைத்திருந்தாள்: 'முட்டுக் கொடுக்குது'. அடுத்த கட்டத்திற்கு, 'முட்டு சரியுது'. எம்.ஏ. படித்த எனக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை. விடைத்தாளில் அதை எழுதக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ரப்பரை எடுத்து அழிக்கப் போனாள். பரீட்சை முடியட்டும், அப்புறம் அழி என்றேன்.