தென்பெண்ணை மீன்களும் ஒரு பழைய சட்டமும்

ஓசூரின் பெயரைச் சொன்னால் இன்று ஆலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆலைகளுக்கு நெடுங்காலம் முன்பே இந்த வட்டாரத்திற்கு உணவளித்தது தென்பெண்ணையாறு. நந்தி மலையில் பிறந்து, கர்நாடக மண்ணைக் கடந்து, ஓசூருக்கு அருகே தமிழகத்தில் நுழையும் அந்த ஆறு, கெலவரப்பள்ளி அணையிலும், 1957 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரி அணையிலும் தங்கிச் செல்கிறது. அணை மீனை விரும்பி வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த மீனைக் காக்கும் சட்டம் எவ்வாறு தோன்றியது, அது எதைக் காணாமல் விட்டது என்பதை ஈண்டுக் காண்போம்.

சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, பின்னர் இந்திய மீன்வளத்தின் தலைமை ஆய்வாளரானார். நீர்நிலைகளில் மீன் குறைந்து வருகிறதா என்று மாவட்ட அலுவலர்களுக்கும் தாசில்தார்களுக்கும் எழுதிக் கேட்டு, விடைகளைத் திரட்டி, 1873 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். நெருக்கமான கண்ணுடைய வலைகளும், வயல் மடைகளில் வைக்கும் பறிகளும், நீரில் கலக்கும் நஞ்சும் குஞ்சுகளையே அழித்து விடுகின்றன என்பது அவர் வாதம். குஞ்சு அழிந்தபின் நாளைக்கு மீன் ஏது? அரசாங்கம் கட்டிய அணைக்கட்டுகள் மீன்கள் மேலேறி முட்டையிடுவதைத் தடுக்கின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மடையில் பறி வைப்பவன் ஏழை; அன்றைய குழம்புக்காக நாலு மீனைத் தேடுபவன். வலைக்கண்ணை அளக்கும் அதிகாரத்தைச் சிற்றதிகாரியின் கையில் கொடுத்தால், அவர் மீனைக் காப்பாரா, ஏழையிடம் கை நீட்டுவாரா? இவ்வாறான தயக்கங்களுக்கிடையே 24 ஆண்டுகள் கழிந்தன.

இறுதியில் 1897 ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்து மீனைக் கொல்வதும், நீரில் நஞ்சோ சுண்ணாம்போ இடுவதும் குற்றமாயின. தண்டனை 2 மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் 2 ஆண்டுகள் வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் மாகாண அரசுகள் விதி செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறியது. குறைந்து போன மீனினத்திற்கு ஓய்வு தந்தால் அது மீளும் என்னும் உண்மையை அன்றே உணர்ந்திருந்தனர்.

அதே எண்ணந்தான் பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்தது. தமிழகத்தின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இல் வந்தது. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2017 இல் அது 61 நாட்களாயிற்று. அமெரிக்காவிலோ, அழிவுற்ற மீனினத்தைப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குள் மீட்டாக வேண்டுமென்று 1996 இல் சட்டம் இயற்றினர். மீன் பிடிப்பவனை நோக்கிச் 'சற்றுப் பொறு' என்று சொல்வதே இவை அனைத்தின் சாரம்.

நியாயமான சொல்தான். ஆயினும் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் ஒரு குறை தென்படும். 1897 ஆம் ஆண்டுச் சட்டம், மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நஞ்சிட்டவனையே தண்டித்தது. மடையில் சுண்ணாம்பு கரைத்த ஏழை அகப்பட்டான். மீனைப் பற்றிச் சிந்திக்காமலே கழிவைத் திறந்து விடுபவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. எண்ணம் இல்லையென்றால் மீன் சாகாமலா இருக்கும்?

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீர் தென்பெண்ணையை வந்தடைகிறது. கெலவரப்பள்ளியில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். பழியை முழுவதும் மேலேயிருப்பவர் மீது போட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. 1970களிலிருந்து இங்கு வளர்ந்த தொழிற்பேட்டைகளும் ஊர்களும் தம் கழிவுக்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும். 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பழைய குறையை ஓரளவு நிரப்பியது. ஆயினும் அதன்கீழ் அமைந்த வாரியங்கள் மாநிலத்திற்கு ஒன்றாக உள்ளன; ஆறோ ஒன்றேயாகும்.

அணைகளில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார்கள். அவை கங்கைச் சமவெளியின் மீன்கள். குஞ்சு விடுவதனால் விளைச்சல் கூடலாம். ஆற்றின் சொந்த மீன்கள் மீள்வதற்கோ தூய நீர் வேண்டும்.

வலையை அளந்த சட்டம் வாய்க்காலையும் அளக்க வேண்டும். ஏழையைப் பொறுக்கச் சொல்லும் சமுதாயம், வலியவனையும் பொறுப்பேற்கச் சொல்வதே நீதி. பிரான்சிஸ் டே கேட்ட கேள்வியை நம் குழந்தைகளும் ஒருநாள் நம்மிடம் கேட்பார்கள்: மீன் குறைந்து விட்டதா, ஏன் குறைந்தது? அதற்கு நேர்மையான விடையை நாம் இன்றே தேடிக்கொள்வோமாக.