கீழூர் வாக்கெடுப்பும் சம்மதத்தின் நீதியும்

ஒரு நிலத்தின் ஆட்சி கைமாறும்போது அங்கே குடியிருப்போரின் சம்மதம் பெறப்பட்டதா, யாரிடம் பெறப்பட்டது என்பதே நீதிக் கோட்பாடுகள் முதலில் எழுப்பும் வினா. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவுசெய்ய வேண்டுமென இந்தியாவும் பிரான்சும் 1948 ஜூனில் உடன்பட்டன. அதன்படி 1949இல் சந்திரநாகூர் மக்கள் நேரடியாக வாக்களித்து இந்தியாவைத் தேர்ந்தனர். புதுச்சேரியிலோ மக்களுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்களான 178 பேர் வாக்களிக்க, 170 பேர் இணைப்பை ஏற்றனர், 8 பேர் எதிர்த்தனர். இணைப்பைக் கொண்டாடும் நூல்கள் இந்தக் குறையை எளிதாகக் கடந்துவிடுவது சரியன்று.

இதைவிட நுட்பமான நீதி, இப்பகுதிகளை இந்தியாவுக்குக் கையளிக்க இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உள்ளது. அது நடைமுறைக்கு வந்த 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்திற்குள், புதுச்சேரி முதலான பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள், எழுத்துமூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம், அறிவிக்காதவர் இந்தியராவர். பதினெட்டு வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் முடிவே தீர்மானித்தது. இது பிள்ளைகள்பால் முழு நீதி அன்றெனினும், எந்த அரசின் குடியாக இருப்பது என்னும் தெரிவு தனிமனிதர் கைக்கு வந்தது.

இந்த அளவுகோலைப் பாலஸ்தீனத்தின்மேல் வைத்தால் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். 1947இல் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை யூத, அரபு அரசுகளாகப் பிரிக்கத் தீர்மானித்தபோது அங்கு வாழ்ந்தோரிடம் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. ஈரான், யுகோஸ்லாவியா ஆகியவற்றுடன் சேர்ந்து கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்திருந்த இந்தியா, பிரிவினையை எதிர்த்து வாக்களித்தது. தாம் எந்தத் தரப்பில் பிறப்போம் என அறியாத நிலையிலிருந்து விதிகளை வகுப்பதை ஜான் ரால்ஸ் 'அறியாமைத் திரை' என்றார். அவர் அதைத் தனியொரு சமூகத்தின் அமைப்புக்கே முதலில் வகுத்தாலும், நாஜிப் படுகொலைக்குத் தப்பிப் புகலிடம் தேடிய யூதராகவோ, யாஃபாவில் வீட்டை இழக்கவிருந்த அரபியராகவோ தாம் இருக்கக்கூடும் என்று எண்ணுபவர், ஒருவரின் புகலிடத்துக்காக மற்றவரை அகதியாக்கும் விதியை ஏற்கமாட்டார். ராபர்ட் நோசிக்கின் உரிமைக் கோட்பாடோ கடந்த காலத்தை நோக்குகிறது: உடைமை நியாயமற்ற வழியில் கைமாறியிருந்தால் அது திருத்தப்பட வேண்டும்.

பிரிவினைத் தீர்மானத்தைத் தொடர்ந்த 1948 போரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனியர் அகதிகளாயினர். அவர்களில் திரும்ப விரும்பி அண்டை மக்களோடு அமைதியாக வாழ ஒப்புவோர் வீடு திரும்பலாம், திரும்ப விரும்பாதோர் இழந்த சொத்துக்கு இழப்பீடு பெறலாம் என்று அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று நிறைவேறிய ஐ.நா.வின் 194ஆம் தீர்மானம் கூறியது. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஓர் அறிவிப்புத் தாளில் கிடைத்த தெரிவுக்கு அருகில் வருவது இதுவே; அது இன்னும் நிறைவேறவில்லை.