மின்வணிகம்: முகம் தெரியாதவரை நம்பத் தொடங்கிய கதை

இணையம் போன்ற மின்னணு வலையமைப்பின் வழியாகப் பொருட்களையும் சேவைகளையும் வாங்குவதும் விற்பதும் மின்வணிகம் எனப்படும். வரையறை இவ்வளவுதான். ஆனால் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்யும்போது ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. கடைத்தெருவில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கடைக்காரரிடம் பேரம் பேசுகிறோம். அதன் பிறகே பணத்தை நீட்டுகிறோம். இணையத்தில் பொருளும் கண்முன் இல்லை, கடைக்காரரும் இல்லை. பிறகு எந்தத் தைரியத்தில் மக்கள் பணம் கொடுக்கத் துணிந்தார்கள்? மின்வணிகத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான். அதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

இணையத்துக்கு முன்பே

1979ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கணினியோடு இணைத்துக் காட்டினார். 1984ல் அங்குள்ள கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர் வீட்டில் இருந்தபடியே டெஸ்கோ கடைக்கு மளிகைப் பட்டியல் அனுப்பினார். அவர் கையில் இருந்தது தொலைக்காட்சி ரிமோட் மட்டும்தான்.

பிரான்சில் 1982ல் மினிடெல் என்ற சேவை நாடு முழுவதும் வந்தது. தொலைபேசியோடு இணைந்த சிறிய திரையில் ரயில் பயணச்சீட்டு பதிவு செய்யலாம், பொருட்கள் வாங்கலாம். பல சேவைகளுக்கான கட்டணம் தொலைபேசி பில்லிலேயே சேர்ந்து வந்துவிடும். வாங்குபவர், விற்பவர் இருவருமே நடுவில் இருந்த அரசுத் தொலைபேசித் துறையை நம்பினார்கள். அதனால் நம்பிக்கை அங்கே பெரிய சிக்கலாக இல்லை. இச்சேவை 2012 வரை இயங்கியது.

வலை வந்தது, சிக்கலும் வந்தது

டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகளாவிய வலை 1991ல் வெளியுலகுக்கு வந்தது. இதற்கு மினிடெல் போல ஒரே உரிமையாளர் கிடையாது. நாம் அனுப்பும் தகவல் பல கணினிகளைக் கடந்துதான் போய்ச் சேர்கிறது. அஞ்சலட்டையில் எழுதியதைத் தபால்காரர் உட்பட வழியில் உள்ள எவரும் படிக்கலாம் அல்லவா? அதுபோல, கிரெடிட் கார்டு எண்ணை அப்படியே அனுப்பினால் வழியில் இருப்பவர் படித்துவிட முடியும்.

சங்கேத மொழியில் அனுப்பலாமே என்று தோன்றும். அதற்கு இரு தரப்பும் ஒரே இரகசியச் சாவியை முன்கூட்டியே பகிர்ந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் அதை எப்படிப் பகிர்வது?

இதற்கான விடை வலை பிறப்பதற்கு முன்பே தயாராக இருந்தது. 1976ல் டிஃபி, ஹெல்மேன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பொதுச்சாவி முறையை வெளியிட்டார்கள். மறு ஆண்டே எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் ஆகிய மூவரும் அதை நடைமுறைப்படுத்த ஒரு வழியைக் கண்டார்கள். மூவரின் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்து அதற்கு ஆர்.எஸ்.ஏ. என்று பெயர்.

எளிமையாகச் சொன்னால் இப்படி: ஒரு வணிகர் தன் பூட்டுகளைத் திறந்த நிலையில் ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் பெட்டியில் கடிதத்தை வைத்து, பூட்டை அழுத்திச் சாத்திவிடலாம். திறக்கும் சாவி மட்டும் அவரிடம் இருக்கிறது. இதற்கு அடிப்படை ஒரு கணிதம். 71ஐ 83ஆல் பெருக்கினால் 5893 என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் 5893 எந்த இரு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் திணறுவோம். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையாக இருந்தால் கணினியும் திணறும்.

முதல் விற்பனை

1994 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற இணையக் கடை, பாடகர் ஸ்டிங்கின் இசைத்தட்டு ஒன்றை 12.48 டாலருக்கு (அனுப்பும் செலவு தனி) விற்றது. வாங்கியவரின் கார்டு எண் சங்கேதமாக்கப்பட்டுச் சென்றது. இதற்கு முன்பே நாங்கள் விற்றுவிட்டோம் என்று சொன்ன நிறுவனமும் உண்டு. எனினும் வலையில் பாதுகாப்பாக நடந்த முதல் சில்லறை விற்பனை என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான்.

ஆனால் அதற்குத் தனி மென்பொருள் வேண்டியிருந்தது. சாதாரண மக்களுக்கு அது ஒத்துவராது. 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு நெறிமுறையைத் தன் உலாவிக்குள்ளேயே சேர்த்தது. கடை உண்மையான கடைதானா என்று காட்ட, மூன்றாம் தரப்பு வழங்கும் டிஜிட்டல் சான்றிதழும் அதில் உண்டு. 1999 முதல் இதன் வாரிசான டி.எல்.எஸ். வந்தது. முகவரியில் நாம் காணும் எச்.டி.டி.பி.எஸ். என்பதன் கடைசி எழுத்து இந்தப் பாதுகாப்பைத்தான் குறிக்கிறது.

அதே நிறுவனத்தின் லூ மாண்டுலி 1994ல் குக்கியை உருவாக்கினார். வலைத்தளத்துக்கு இயல்பில் ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கம் போனால் நீங்கள் யாரோ எவரோ. குக்கி என்ற சிறு குறிப்பு உலாவியில் தங்கியதால்தான் வாங்கும் கூடை சாத்தியமானது.

இரண்டு மாணவர்கள்

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இது. 1995 செப்டம்பரில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் நெட்ஸ்கேப்பின் பூட்டில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். இரகசியச் சாவி யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். உலாவியோ அதை அந்நேரத்துக் கடிகார நேரம் போன்ற ஊகிக்கக்கூடிய விவரங்களில் இருந்து உருவாக்கியது. கணிதத்தில் பிழை இல்லை, அதைச் செயல்படுத்திய விதத்தில்தான் பிழை. இது வெளியானதும் நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்ற நிலைதான் பூட்டுகளை உறுதியாக்கியது.

ஆளை நம்புவது எப்படி?

வழி பத்திரமாகிவிட்டது. ஆனால் மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா? 1995ல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னர் ஈபே ஆனது. அங்கே முன்பின் தெரியாத தனிநபர்களே வாங்கி விற்றார்கள். 1996ல் அதில் வந்த ஏற்பாடு எளிமையானது: வியாபாரம் முடிந்ததும் ஒருவரைப் பற்றி மற்றவர் எல்லோரும் பார்க்கும்படி கருத்து எழுதலாம். ஊரில் ‘நாணயமான கடை’ என்று வாய்வழியாகப் பரவும் நற்பெயர் இங்கே எழுத்தில் வந்தது.

இந்தியாவில்

இங்கு பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். மூலம் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல் மின்னணு ஆவணங்களுக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் சட்ட அங்கீகாரம் தந்தது. 2002ல் இணையவழி ரயில் பயணச்சீட்டு வந்தது. 2009 முதல் இணையத்தில் கார்டு வழியாகப் பணம் செலுத்த, அட்டையில் அச்சிடப்படாத கூடுதல் கடவுச்சொல் ஒன்றை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஆனாலும் மக்களின் தயக்கம் முழுதாகப் போகவில்லை. 2007ல் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010ல் பொருள் கைக்கு வந்த பின் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. பொதுச்சாவிக் கணிதம் தீர்க்காத தயக்கத்தை வாசலில் வந்து நின்ற டெலிவரி பையன் தீர்த்துவைத்தார். 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு பணம் அனுப்புவது இன்னும் எளிதாயிற்று.

முடிவாக

மேலே பார்த்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் நம்பிக்கையின் ஒரு பகுதியைத்தான் தீர்த்தது. சங்கேதம் வழியைக் காக்கிறது, சான்றிதழ் முகவரியை உறுதி செய்கிறது, கருத்துரை விற்பவரின் பழைய நடத்தையைக் காட்டுகிறது. இவற்றில் ஒன்று இருப்பதால் மற்றவையும் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் இடத்தில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். போலித் தளமும் எச்.டி.டி.பி.எஸ். வைத்திருக்க முடியும். அப்போது நம் கார்டு எண் வழியில் யாருக்கும் தெரியாமல் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேரும். எனவே நண்பர்களே, பூட்டு நல்ல பூட்டா என்று பார்ப்பதோடு சாவி யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.