ஆல்ஃபா 0.70 - ஒரு எண்ணின் கதை

சர்வே எடுத்துச் செய்த எம்.காம்., எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் பலவற்றில் இந்த வரி கண்ணில் படும்: "க்ரோன்பாக் ஆல்ஃபா 0.70க்கு மேல் உள்ளதால் கேள்வித்தாள் நம்பகமானது." எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் சில க்ளிக்குகளில் வந்து விழும் எண் இது. ஆனால் இந்த எண் உருவாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது!

கதை தொடங்குவது இங்கிலாந்தில். அளவிடுவதில் பிழை இருந்தால், இரண்டு விஷயங்களுக்கு நடுவே உள்ள தொடர்பு உண்மையை விடக் குறைவாகத் தெரியும் என்று 1904ல் சார்லஸ் ஸ்பியர்மேன் எடுத்துக்காட்டினார். சரி, அந்தப் பிழை எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்கலாம். ஆனால் முதலில் சொன்ன பதில் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அல்லது அதற்குள் மனசே மாறியிருக்கும்.

1910ல் ஸ்பியர்மேனும் வில்லியம் ப்ரௌனும் தனித்தனியே ஒரே வழியைச் சொன்னார்கள். கேள்வித்தாளை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. பிறகு ஒரு சூத்திரத்தால் முழுத்தாளுக்கும் கணக்கிடுவது.

இதிலும் ஒரு சிக்கல். எந்தப் பாதி? 10 கேள்விகளை இரண்டு சம பாதியாக 126 விதமாகப் பிரிக்கலாம். 20 கேள்விகள் என்றால் 92,378 விதம்! ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு விடை வரும். வேண்டிய விடை வரும்வரை பிரித்துப் பார்க்கவும் இடம் உண்டு.

1937ல் அமெரிக்காவின் கூடர், ரிச்சர்ட்சன் இருவரும் பாதியாகப் பிரிக்கத் தேவையில்லாத ஒரு சூத்திரம் தந்தார்கள். அவர்களுடைய கட்டுரையில் அது 20வது சமன்பாடு. அதனால் பெயரே 'கே.ஆர்.-20' ஆகிவிட்டது. ஆனால் அது சரி/தவறு என்ற இரண்டே விடை உள்ள கேள்விகளுக்கு மட்டும்தான். ரென்சிஸ் லைக்கர்ட் 1932லேயே அறிமுகம் செய்திருந்த ஐந்து படி அளவுகோலுக்கு (முழுவதும் ஏற்கிறேன்... முழுவதும் மறுக்கிறேன்) அது பொருந்தாது.

இந்த இடைவெளியை நிரப்பும் சூத்திரத்தை லூயி கட்மேன் 1945லேயே கண்டிருந்தார். அவர் கொடுத்த ஆறு சூத்திரங்களில் மூன்றாவது அது. ஆனால் பெயர் போய்ச் சேர்ந்ததோ லீ க்ரோன்பாக்குக்கு. காரணம், 1951ல் வந்த அவர் கட்டுரை அந்த எண்ணுக்கு அர்த்தம் சொன்னது: சாத்தியமான எல்லாப் பாதிப் பிரிவுகளிலும் கிடைக்கும் விடைகளின் சராசரிதான் அது. இன்னும் சில குணகங்கள் பின்னால் வரும் என்று நினைத்து முதலாவதுக்கு 'ஆல்ஃபா' என்று பெயர் வைத்தார்.

அப்படியானால் 0.70? அது ஜம் நன்னலியின் 1978ஆம் வருடப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆராய்ச்சியின் ஆரம்ப நிலைக்கு 0.70 போதும், அடிப்படை ஆராய்ச்சிக்கு 0.80 வேண்டும், தனி மனிதரைப் பற்றி முக்கிய முடிவு எடுக்கக் குறைந்தது 0.90 வேண்டும் என்று அவர் எழுதினார். பலரும் எடுத்துக்கொண்டது முதல் எண்ணை மட்டும்.

அந்த எண்ணைத் தொடுவதும் கஷ்டமில்லை. ஆல்ஃபா 0.50 உள்ள 5 கேள்விகளோடு அதே மாதிரி இன்னும் 10 சேர்த்தால் 0.75 ஆகிவிடும். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்டாலும் ஏறும். அதைவிட முக்கியம், கேட்க வேண்டியதைத்தான் கேட்டோமா என்று ஆல்ஃபா சொல்லாது. தினமும் தவறாமல் 100 கிராம் கூட்டிக் காட்டும் தராசும் ஒரே சீராகத்தான் காட்டுகிறது. அதற்காக அது சரியான தராசா?

க்ரோன்பாக்கே ஆல்ஃபாவோடு நிற்கவில்லை. கேள்வி, கேட்கும் நேரம், மதிப்பிடுபவர் என ஒவ்வொன்றாலும் வரும் பிழையைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முறையை க்ளெசர், நந்தா, ராஜரத்தினம் ஆகியோருடன் சேர்ந்து 1972ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 2001ல் அவர் இறந்தார். கடைசியாக எழுதிய கட்டுரை 2004ல் வெளியானது. அந்தச் சூத்திரத்தைத் தன் பெயரால் அழைப்பது சங்கடமாக இருக்கிறது என்றும், பெரும்பாலான தரவுகளுக்கு அதை மிகப் பொருத்தமான வழியாகத் தான் இப்போது கருதவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார்.

பெயருக்குரியவரே கைவிட்ட பிறகும் 0.70 இன்னும் ரப்பர் ஸ்டாம்ப் போலக் குத்தப்படுகிறது. ஆல்ஃபா ஒரு சோதனை, சான்றிதழ் அல்ல. கேள்வித்தாள் நன்றாக இருக்க வேண்டுமானால் முதலில் கேள்வி நன்றாக இருக்க வேண்டும். அதற்கு மட்டும் எந்த மென்பொருளிலும் பட்டன் இல்லை!