பத்தாங்கட்டையும் வாக்காளர் பட்டியலும்



இன்று பரிசு வாங்கும் பிள்ளையின் பெயரை மேடையில் வாசிக்கும்போது நம் நெஞ்சு பூரிக்கிறது. "உன் பாட்டனோட அப்பா பேர் என்ன?" என்று கேட்டால் மட்டும் முழிக்கிறோம். நானும் அப்படி முழித்தவன்தான்.

"நாங்க சிங்கப்பூர்ல பத்தாங்கட்டையில இருந்தவங்க" என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்வார். பத்தாங்கட்டை என்றால் பத்தாவது மைல், அதாவது புக்கிட் பாஞ்சாங். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பழைய கம்பத்து வீடுகள் போய்விட்டன. ஆனால் வீடு போனாலும் ஏடு பேசும். வாக்காளர் பட்டியல் அப்படிப்பட்ட ஓர் ஏடு.

ஆனால் அந்தந்த ஆண்டின் சட்டம் தெரிந்தால்தான் அது பேசுவது நமக்குப் புரியும். சிங்கப்பூரின் முதல் தேர்தல் 1948 மார்ச் 20-இல் நடந்தது. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே ஓட்டு. அவர்களும் தாமே முன்வந்து பதிய வேண்டும். பதிந்தவர்கள் சுமார் 22,000 பேர்தான். ஆகவே தாத்தா பெயர் அதில் இல்லையென்றால், அவர் அங்கே இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்!

1955-இல் தகுதியுள்ளோர் தாமாகவே சேர்க்கப்பட்டனர். பட்டியல் சுமார் 300,000 ஆனது. புக்கிட் பாஞ்சாங் அப்போது தனித் தொகுதி. ஆகையால் தேடுவது சற்றுச் சுலபம். 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. "குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள்" என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி நம்மவர்களை வற்புறுத்தினார். 1959-இல் குடிமக்களுக்கு வாக்களிப்புக் கட்டாயமானது. வாக்காளர் சுமார் 586,000 பேர். "நமக்கு எதுக்குய்யா அதெல்லாம்" என்று இருந்துவிட்டவர் பெயர் அதில் கிடைக்காது.

சரி, தேடலாம் என்று நான் கிளம்பியபோது ஆயா இல்லை. அவரை 'ஆயா' என்றே கூப்பிட்டு வளர்ந்தோம். அடையாளக் கார்டில் என்ன பெயர் இருந்தது? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாமல் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீங்கள் என்னைப் போல ஏமாறாதீர்கள். இன்று இரவே வீட்டுப் பெரியவர்களிடம் இந்த விஷயங்களைக் கேளுங்கள்: கார்டில் உள்ள பெயரும் தகப்பனார் பெயரும், எத்தனையாவது கட்டை, எந்தக் கம்பம், எந்த வருஷம் வந்தார்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்தையா என்ற பெயரையே நாலு விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

மாணவர்களே! பரிசாகக் கிடைக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பாட்டியின் முழுப்பெயரை எழுதுங்கள். இது உங்கள் ஆசிரியரின் அன்பு வேண்டுகோள்.