வெள்வேலம்பட்டை போட்ட சாராயம்

வெள்வேல மரத்துப் பட்டையை உரித்துக் காயவைத்து இடிப்பார்கள். கரைத்த வெல்லத் தண்ணீரில் அதைப் போட்டுப் பானையோடு மண்ணில் புதைத்தால் சில நாளில் நுரைத்துப் பொங்கும். அதுதான் ஊறல். பட்டையின் துவர்ப்பு கலங்கலை அடியில் படியவைக்கும் என்று வெள்ளைக்காரத் தாவரவியலாளர்கள்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். ஊறலை அடுப்பேற்றி வடித்தால் பட்டைச் சாராயம். "பட்டை போட்டதுக்குத் தனி வாசம்டா" என்பார் காசிமேட்டில் வலை பின்னிய என் தாத்தா.

ஊர் மரத்தின் வாசனை சேர்த்த சரக்கு ஜப்பானிலும் உண்டு. கியோட்டோவில் 2016-இல் வந்த கி நோ பி ஜின்னில் யூசு, ஹினோக்கி மரச்சீவல், சான்ஷோ மிளகு, கியோகுரோ தேயிலை எல்லாம் சேர்கின்றன. அடிச்சரக்கு அரிசியில் வடித்தது. ஜின்னுக்கு வாசனை வடிக்கும்போது ஏறுகிறது, நம் பட்டை ஊறலிலேயே இறங்கிவிடும். ஆனாலும் ஊர் மரத்தை நம்பிய கைவேலைதான் இரண்டும். அவர்கள் அதைப் பெருமையோடு புட்டியில் அச்சிடுகிறார்கள்.

இங்கே பட்டைச் சாராயத்தை முதலில் பிடித்தது வரி. சென்னைக் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியார் 17-ஆம் நூற்றாண்டிலேயே சாராயக் குத்தகையில் காசு பார்த்தார்கள். 1886-ஆம் வருட அப்காரி (கலால்) சட்டம் பிடியை இறுக்கியது. உள்ளூர்ப் பானைகளின் இடத்துக்கு ஆலைச் சரக்கு வந்தது. 1897-இல் உருவான ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் நிறுவனத்துக்கு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் இருந்தன. அதை நடத்தியது சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த அதே பாரி கம்பெனிதான்.

அடுத்து மதுவிலக்கு. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார், 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கடை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது.

மதுவிலக்கு கேட்ட குப்பத்துப் பெண்களை நான் குறைசொல்ல மாட்டேன். கூலியெல்லாம் கடையில் போன வீட்டில்தான் என் பாட்டியும் அடுப்பெரித்தாள். ஆனால் பானையை உடைத்ததால் குடி ஒழியவில்லை, பக்குவம் தெரிந்த கைதான் ஒழிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால். அதற்கு ஊறலும் வேண்டாம், பட்டையும் வேண்டாம்.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் அந்தப் பக்குவம் அறிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வழக்குக்குப் பயந்து வாய் திறக்க மாட்டார்கள். பேர் போடாமல், பட்டையின் அளவையும் ஊறலின் நாள்கணக்கையும் ஏதாவது ஒரு கல்லூரித் தாவரவியல் துறை கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே.